தாய்மாமனுக்கு மூன்று நாள்

ஆவணி மழையில் குரங்கணியிலிருந்து நடந்தே ஏறிவந்த சின்னமுத்து, ஊத்துப்பாறை ஏலத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று முதல் வேலையாகக் காலில் ஒட்டியிருந்த அட்டைகளைப் பிடுங்கிப் போட்டான். எட்டு இருந்தன. ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் மச்சான் சுடலையை ஒரு பார்வை பார்த்தான். அட்டையை வளர்த்துத் தன்மேல் ஏவிவிட்டதே அவன்தான் என்கிற மாதிரி ஒரு பார்வை. சுடலை தலையைச் சொறிந்துகொண்டு கூரையில் ஒழுகும் இடத்தைத் தேடினான்.

"தலையைத் துவட்டுங்கண்ணே. களி சூடா இருக்கு, கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன்," என்று சுடலையின் பெண்சாதி முத்துப்பேச்சி துண்டை நீட்டினாள்.

"சாப்பிட வரலை தங்கச்சி. ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன்."

"சாப்பிட்டுட்டுச் சொன்னா வாயி வலிக்குமா?"

"சாப்பிட்டா கோவம் போயிரும். அதனால மொதல்ல சொல்லிர்றேன்." சின்னமுத்து துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். தலையைத் துவட்டவில்லை. "கார்த்திகை பத்து, வியாழக்கிழமை, காமாயிக்கு முடியெறக்கிக் காது குத்துறோம். மச்சான் வரணும். வரலைன்னா ஆயம்மாவோட சித்தப்பன் மகன் மொக்கச்சாமி இருக்கான். அவன் மடியில உக்கார வச்சுக் குத்திருவோம். அதுக்கப்புறம் அவந்தான் அவளுக்குத் தாய்மாமன். பெரிய மனுசியானாலும் அவன் சீரு, கல்யாணம்னாலும் அவன் மாலை. உங்களுக்கு அந்த வீட்டுல சோலி இல்லை. அம்புட்டுத்தான்."

சொல்லி முடித்தவுடன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "களியைப் போடு தங்கச்சி," என்றான்.

ஆயம்மாள் சுடலைக்கு ஒரே தங்கச்சி. தேவாரத்தில் சின்னமுத்துக்கு வாக்கப்பட்டு, ஏழு வருசம் கழித்துப் பிறந்தவள் காமாயி. சுடலைக்கும் முத்துப்பேச்சிக்கும் பிள்ளை தங்கவில்லை. ஆக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்து அந்த ஒரு குஞ்சுதான். காது குத்தாமலே அஞ்சாவது வயசு நடக்கிறது. சின்னமுத்து வகையறாவின் சாமிக்குக் கார்த்திகையில்தான் கோயில் திறப்பார்கள். அங்கே வைத்துத்தான் குத்த வேண்டும். மலையில் ஏலக்காய் மும்முரமும் அதே கார்த்திகையில்தான். சாமியும் அசையாது, காயும் காத்திராது.

இதற்கு முன்னால் இரண்டு தடவை நாள் குறித்து இரண்டும் கெட்டுப்போனது. முதல் தடவை கங்காணி கன்னையன் ஆளை விடவே மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். போன வருசம் மனசிரங்கி விட்டார். அதைச் சொன்னால் இப்போதும் சுடலைக்கு முகம் செத்துப்போகும்.

சுடலைக்கு ஸ்டோர் வேலை. பறித்துவந்த பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, அடுப்பு மூட்டி, ஒன்றரை நாள் பக்குவமாகக் காயவைக்கிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். சூடு கொஞ்சம் ஏறினால் காய் வெடித்துச் செவலையாகிவிடும். சூடு குறைந்தால் வெளிறிப்போகும். பச்சை மாறாமல் எடுப்பதில்தான் இருக்கிறது விசயம். சுடலை எடுத்த காயைப் போடியில் முதலாளி சத்தியநேசன் கையில் அள்ளி, வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் காட்டுவாராம். ஆறு வருசத்தில், போன வருசத்து அந்த ஒரு தடவை போக, அந்த அடுப்பைச் சுடலையைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. ராத்திரியும் அங்கேதான் படுக்கை.

போன வருசம் சுடலை கிளம்பியபோது அடுப்பை ஒச்சப்பனிடம் ஒப்படைத்தார்கள். ஒச்சப்பன் சும்மா ஆள் இல்லை. சுடலைக்கு முன்னால் அவன்தான் ஸ்டோர்க்காரன். பிற்பாடு கோவேறு கழுதை ஓட்டிக் குரங்கணிக்கு லோடு இறக்கப் போய்விட்டான். அவன் அடுப்பு எரித்த காலத்தில் மூங்கில் தட்டியும் கீழே திறந்த நெருப்பும்தான். எவ்வளவு விறகு திணித்தாலும் பாதிச் சூடு தட்டி இடுக்கு வழியே ஓடிப்போகும். மூணு வருசத்துக்கு முன்னால் அதையெல்லாம் பிரித்தெறிந்துவிட்டுத் தகரக் குழாய் போட்டார்கள். ஒச்சப்பன் பழைய நினைப்பில் விறகைத் திணித்தான், ஆவி போகிற சன்னல்களைப் பழைய நினைப்பிலேயே சீக்கிரம் அடைத்தான். தகரம் சூட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. புது வேட்டி கட்டிக் குரங்கணி வரை இறங்கிவிட்ட சுடலையை ஆள் ஓடிப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். ஸ்டோர் முழுக்கக் காய் செவந்து வெடித்துக் கிடந்தது. தேவாரத்தில் வெட்டக் கொண்டுவந்த கிடா கட்டின இடத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்ததாம்.

"போன வருசக் கிடா இந்த வருசம் கன்னுக்குட்டி சைசுல நிக்கிது மச்சான்," என்று இரண்டாவது உருண்டைக் களியைக் குழம்பில் அமுக்கிக்கொண்டே சொன்னான் சின்னமுத்து. அவன் சொன்னதுபோலவே கோபம் போயிருந்தது. சொன்ன சொல் மட்டும் போகவில்லை.

சின்னமுத்து இறங்கிப் போனதிலிருந்து முத்துப்பேச்சிக்கு அதே யோசனை. அவளுக்குப் பொறுக்குக் கொட்டகையில் வேலை. காய்ந்த காயைத் தேய்த்து, காம்பு நீக்கி, சல்லடையில் சலித்து, பெருங்காய் சிறுகாய் பிரிப்பது. கை அதுபாட்டுக்கு ஓடும், மனசு அதுபாட்டுக்கு ஓடும். ஒச்சப்பனைத் திட்டிப் பிரயோசனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் அவளுக்கும் அப்படி ஒன்று நடந்தது, யாரிடமும் சொல்லவில்லை. போன தை மாதம் காய் எடுக்கிற பெண்கள் இரண்டு பேர் காய்ச்சலில் விழ, ஒரு நாள் அவளைக் காட்டுக்குள் அனுப்பினார்கள். ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில் அவள் கூடைதான் முதலில் நிறையும். அன்றைக்குப் பொழுது சாய்ந்தும் பாதிக் கூடை. செடித் தூரில் குனிந்த இடுப்பு நிமிர மாட்டேன் என்றது. விரலெல்லாம் கீறல். தெரியும் என்பது ஒன்று, இன்றைக்கு முடியும் என்பது வேறொன்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் சுளகை எடுத்துக்கொண்டு கங்காணி வீட்டுக்கே போய்விட்டாள். கன்னையன் வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். மலையாளத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குக் காப்பியே மறந்துவிட்டது.

"அண்ணே, நம்ம தோட்டத்துல ஸ்டோரு சோலி எத்தன பேருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு. சுடலை, ஒச்சப்பன், நானு. என் தோட்டத்துல எல்லாவனுக்கும் எல்லாச் சோலியும் தெரியும் தாயி. முதலாளிகிட்ட நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன்."

"நீங்க கடைசியா எப்ப அடுப்புக்கு வெறகு வச்சீங்க?"

கன்னையன் சாயாவை ஒரு வாய் உறிஞ்சினார். "மூங்கித் தட்டி இருந்தப்ப."

"அந்தத் தட்டிய எரிச்சுக் குளிர் காஞ்சு மூணு வருசமாச்சு. அப்ப உங்களுக்கும் தெரியாது, ஒச்சப்பண்ணனுக்கும் தெரியாது. ஒரே ஒரு ஆளுதான். அந்த ஆளுக்கு நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா?"

"வாயக் கழுவு."

"கழுவிட்டேன். வந்தா?"

கன்னையன் சாயாக் கிளாசைக் கீழே வைத்தார். "அவனவன் கை எதுல ஓடுதோ அதுல விட்டாத்தான் சோலி வெரசா நடக்கும். இது இன்னைக்கு நேத்து வழக்கமா?" என்று முணுமுணுத்தார்.

"வெரசா நடக்கும். அந்த ஒருத்தன் இருக்குற மட்டும்." முத்துப்பேச்சி சுளகைத் தரையில் வைத்தாள். அதன் நாலு மூலையிலும் நாலு சாமான் இருந்தது. ஒரு கரித்துண்டு, ஒரு பச்சை ஏலக்காய், ஒரு கயிற்றுத் துண்டு, ஒரு கிள்ளிப்போட்ட காம்பு. நடுவில் கொட்டையும் பயறும் ஒரு வெங்காயமும் கிடந்தன. "கரி ஸ்டோரு. பச்சைக்காய் காய் எடுப்பு. கயிறு லோடு. காம்பு எங்க பொறுக்குக் கொட்டகை. இந்த மொச்சைக்கொட்டை ஒச்சப்பண்ணன். புளியங்கொட்டை எங்க வீட்டு மனுசன். இந்தத் தட்டாம்பயறு காய் எடுக்குற மொக்கம்மாக்கா."

"நானு?"

"இந்தா, இந்த வெங்காயம்."

"உரிச்சா உள்ள ஒண்ணும் இல்லேங்கிறியா?"

"கண்ணுல தண்ணி வர வச்சுருவீங்கங்கிறேன்."

கன்னையன் சிரித்துவிட்டார். சிரித்த கங்காணியிடம் காரியம் பேசலாம் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். முத்துப்பேச்சி கொட்டைகளை நகர்த்த ஆரம்பித்தாள்.

"எல்லாரையும் ஆட்ட வேண்டாம்ணே. ஏற்கனவே சோலி தெரிஞ்ச பழைய ஆளு ஆறு பேரு. அவுகளுக்கு மட்டும். பத்து நாள்ல எட்டு நாள் அவுக அவுக எடம். ரெண்டு நாள் மாத்து. அப்பத்தான் கை மறக்காது. ஒரே நாள்ல ஒரு எடத்துல ரெண்டு மாத்து ஆளு இருக்கப்படாது, பழகுன ஆளு ஒண்ணு பக்கத்துல நிக்கணும்."

"காய் பழுத்துத் தொங்கையில மொக்கம்மாளை எங்கிட்டாவது அனுப்பச் சொல்லுவ. அவ கூடை நாலு பேரு கூடை. கூடுதல் காய்க்குக் கிடைக்கிற காசும் அவளுக்கு இல்லாமப் போயிரும். என்னைய உசுரோட விடுவாளா?"

"காய் பழுத்துத் தொங்கையில யாரு சொன்னா? ஒரு சுத்துக் காய் எடுத்து முடிச்சு அடுத்த சுத்துக்குப் பத்துப் பன்னெண்டு நாள் மந்தமா இருக்கும்ல, அப்ப. அக்காவுக்கும் அப்ப கூடுதல் காய் ஏது?"

"சரி, மொக்கம்மாளை லோடுக்கு…"

"லோடுக்குப் போகப்படாது. அக்காவுக்கு இடுப்பு சொகமில்லை. கொட்டகைக்கு வரட்டும். ஒச்சப்பண்ணனுக்குக் கண்ணு மங்கல், அவரைப் பொறுக்க விட்டா பெருங்காயும் சிறுகாயும் ஒண்ணாக் கலந்துருவாரு. அவரு கரிக்குத்தான். அடுப்பு ராத்திரியும் எரியணும், அதனால இன்னொரு ஆளு வேணும்." சொல்லிக்கொண்டே வெங்காயத்தை உருட்டிக் கரித்துண்டின் பக்கத்தில் வைத்தாள்.

கன்னையன் வெங்காயத்தைப் பார்த்தார். முத்துப்பேச்சியைப் பார்த்தார். "ஏத்தா, நான் கங்காணிடி," என்றார்.

"கங்காணிக்குத்தான் மொதல்ல தெரியணும்."

ஒருவழியாக ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை போட்டார். ஒச்சப்பன் தனியாக எரித்த காயைத் தாம் கையில் தேய்த்துப் பார்த்துத் திருப்தியானால்தான் சுடலைக்கு மூன்று நாள் லீவு. திருப்தி இல்லையென்றால் எந்தத் தாய்மாமனும் மலை இறங்கக் கூடாது.

புரட்டாசியில் மாத்து ஆரம்பித்தது. லயத்தில் ஒரே சிரிப்பு. மொக்கம்மாள் கொட்டகைக்கு வந்து முதல் நாளே தும்மித் தும்மிச் சலித்த காயையெல்லாம் பறக்கவிட்டாள். "இதுக்குத்தாண்டி நான் காட்டோட கெடக்கேன்," என்று முத்துப்பேச்சியைத் திட்டினாள். ஆனால் இரண்டாவது நாள் ஒரு கை காயை அள்ளி முகத்தருகே வைத்துப் பார்த்து, "நாங்க எடுத்த பிஞ்சு காஞ்சா இப்படிச் சுருங்கி வருதா? தெரியாமப் போச்சே," என்றாள். அதற்கப்புறம் அவள் கூட்டத்துப் பெண்களின் கூடையில் பிஞ்சு குறைந்துவிட்டது.

அடுத்துச் சுடலையைக் காய் எடுக்க விட்டார்கள். மாத்து முடிந்து தன் இடத்துக்குத் திரும்பிய மொக்கம்மாளிடம் அகப்பட்டான். அட்டை ஏறாமல் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு, சாரல் முதுகில் அடிக்க, செடித் தூரைக் கையால் விலக்கிக் காய் தேடிக்கொண்டிருந்த அவன் கூடையை மொக்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பா சுடலை, நீ காய் எடுக்குறியா, செடியோட சண்டை போடுறியா?"

"என்னக்கா?"

"இந்தா பாரு, பிஞ்சு. இதுவும் பிஞ்சு. இது பூவுப்பா! ஆறு வருசமாக் காயக் காய வச்சியே, காய் எப்படி முத்தும்னு மறந்தே போனியா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் பாறைக்கு அந்தப் பக்கம் இருந்த மந்திகள்கூடக் கிளை மாறின. சுடலை வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தான். "இடுப்புப் போச்சு புள்ள. நான் பாட்டுக்கு அடுப்போட கெடந்தேன்," என்றான். முத்துப்பேச்சி எருக்கிலையைச் சுட வைத்து ஒத்தடம் கொடுத்தாள். உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி நடுவில் ஒரு மத்தியானம் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். ஒச்சப்பனுக்கு அது நாலாவது முறை. அடுப்புக்கு முன்னால் விறகை அடுக்கிக்கொண்டிருந்தான். சுடலை ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"ஒச்சப்பண்ணே, ஆவிச் சன்னலை எப்ப அடைப்பீங்க?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

ஒச்சப்பன் திரும்பிச் சுடலை முகத்தைப் பார்த்தான். "மாப்ள சொல்லுவான்," என்றான்.

"வெறகு எம்புட்டு வைப்பீங்க?"

"அதையும் மாப்ளதான் வைக்கும். நான் எடுத்துக் குடுப்பேன்."

முத்துப்பேச்சிக்குச் சுரீர் என்றது. கஞ்சிச் சட்டியை நங்கென்று வைத்துவிட்டு, "மாமா, இங்க வா," என்று புருசனைக் கட்டடத்துக்குப் பின்னால் விறகு அட்டிப் பக்கம் கூட்டிப்போனாள்.

"நாலு முறை வந்துட்டாரு அந்த மனுசன். என்ன கத்துக்கிட்டாரு? வெறகு சுமக்கவா? அதான் கழுதையோட சுமந்துக்கிட்டுத்தானே இருந்தாரு!"

"போன வருசம் எரிச்சுப்புட்டான் புள்ள. மறுபடியும் எரிச்சுட்டான்னா?"

"எரிக்கட்டும். ரெண்டு தட்டு எரிஞ்சு போகட்டும். நீ பக்கத்துல இருக்கையில எரிஞ்சா ஏன் எரிஞ்சுச்சுன்னு சொல்லலாம். நீ தேவாரத்துல இருக்கையில எரிஞ்சா யாரு சொல்லுவா?"

"அப்படி இல்ல…"

"எப்படி இல்ல? இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் கெடக்கு. கங்காணி வந்து கேட்டா அந்தாளு உன் மூஞ்சியப் பாப்பாரு. உன் மூஞ்சியவா கங்காணி தேய்ச்சுப் பாப்பாரு?"

சுடலை ஒரு விறகுச் சிம்பைப் பிய்த்துக்கொண்டே நின்றான். "அவன் எரிச்சுட்டாக்கூடப் பரவாயில்ல பேச்சி," என்றான் கடைசியில். "சரியாப் பண்ணிட்டான்னா?"

"பண்ணிட்டா?"

"அப்புறம் நான் எதுக்கு?"

முத்துப்பேச்சியின் கோபம் பாதியில் இறங்கியது. அவனுக்கு ஆறு வருசமாகக் கிடைத்த மரியாதை எல்லாம் அந்த அடுப்பில் கிடைத்ததுதான். கங்காணி அவனை மட்டும் 'டா' போட மாட்டார். முதலாளி மலைக்கு வந்தால் நேராக அவனிடம்தான் வருவார். கூலிக்காரனுக்கு வேறு என்ன இருக்கிறது? அவன் பயம் பொய்ப் பயம் இல்லை. ஆனாலும் அவளுக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

"நீ எதுக்கா? அங்க ஒரு பச்சப்புள்ள காதைக் குத்தாம வச்சுக்கிட்டு உன் மடிக்குக் காத்துக் கெடக்கு. அதுக்கு. உன்னையத் தவுர அதைச் செய்ய வேற ஆளு இருக்கா சொல்லு? இருக்கான், மொக்கச்சாமி. விட்டுர்றியா?"

சுடலை சிம்பைக் கீழே போட்டான். அப்படியே நடந்து ஸ்டோருக்குள் போனான். முத்துப்பேச்சி பின்னாலேயே போனாள்.

"மச்சான்," என்றான் ஒச்சப்பனிடம். "இந்தத் தகரம் சூடாக நேரம் எடுக்கும், ஆனா ஒருக்கா சூடாயிட்டா விடாது. அதனால காய் வேர்த்து அடங்குற வரைக்கும் சன்னலு பூராத் திறந்தே கெடக்கணும். கையைத் தட்டுக்கு மேல காட்டு. ஈரம் தெரியுதா? அது நின்னதும் ஒண்ணொண்ணா அடை. இனி நான் சொல்ல மாட்டேன். வெறகும் நீயே வையி."

அடுத்த ஒன்றரை நாள் சுடலை பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். ஸ்டோருக்கு எதிரே பாறையில் உட்கார்ந்தான். எழுந்தான். வாசல் வரை போனான், திரும்பினான். முத்துப்பேச்சி ஓட்டைக் கூடைகள் நாலைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டு முடையச் சொன்னாள். முடைந்த நாலும் கோணல். உள்ளே ஒச்சப்பனும், அவனுக்கு மாத்தாகக் கங்காணியும், வேர்வையில் குளித்துக்கொண்டு அடுப்போடு மல்லுக்கட்டினார்கள். "வெங்காயம் வேகுது தாயி!" என்று கன்னையன் ஒரு தடவை வெளியே வந்து கத்திவிட்டுப் போனார்.

காயை இறக்கினார்கள். கன்னையன் ஒரு கை அள்ளிச் சாக்கில் போட்டுத் தேய்த்தார். காம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. மேல் தட்டும் நடுத் தட்டும் நல்ல பச்சை. அடித் தட்டு இரண்டில் மட்டும் லேசாகச் செவப்பு ஓடியிருந்தது.

"அடித் தட்டைப் பாதியில எடுத்து மேல மாத்திப் போட்டுருக்கணும்," என்றான் ஒச்சப்பன். யாரும் கேட்காமல் அவனே சொன்னான். "குழாய் அங்கிட்டுத்தான் ஓடுது. மறந்துட்டேன்."

"தகரம் போட்ட மொத வருசம் எனக்கும் அதே தட்டுதான் போச்சு மச்சான்," என்றான் சுடலை. அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அது காய் நன்றாக வந்ததற்கா, இரண்டு தட்டு கெட்டதற்கா என்று முத்துப்பேச்சி கேட்கவில்லை.

அடுத்த முறை ஒரு தட்டும் கெடவில்லை. கன்னையன் தேய்த்துப் பார்த்துவிட்டு, மூக்கில் வைத்து இழுத்துவிட்டு, "புதன், வியாழன், வெள்ளி. மூணு நாளும் ஒச்சப்பன் முறை. சனிக்கிழமை காலையில உன் மூஞ்சியை நான் அடுப்புக்கு முன்னால பாக்கணும்," என்றார்.

புதன்கிழமை விடிந்ததும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பின சுடலை மூன்று தடவை ஸ்டோருக்குத் திரும்பிப் போனான். மூன்றாவது தடவை ஒச்சப்பன் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டான்.

"மாப்ளே, உள்ள வராத! புதுச் சட்டையில புகை ஏறுது. தாய்மாமன்னு ஒருத்தனும் நம்ப மாட்டான்."

குரங்கணி வரைக்கும் நடை. அங்கிருந்து ஏலக்காய் லோடு ஏற்றிய லாரியில் போடி. போடிக்கு ரயில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த சமயம், டேசன் பக்கம் ஒரே கூட்டம். ஒரு தார் வாழைப்பழமும் தேங்காயும் வெல்லமும் வாங்கிக்கொண்டு தேவாரம் பஸ்சு ஏறினார்கள். பாவாடை சட்டையும் கம்மலும் முத்துப்பேச்சி மடியில் இருந்தன. சுடலை வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான். "இந்நேரம் சன்னலு அடைச்சிருப்பான்." "இந்நேரம் தட்டு மாத்திருப்பான்." "பேச்சி, நாளைக்குக் காது குத்துன கையோட மத்தியானப் பஸ்சுக்கே திரும்பிருவோம். சாப்பாட்டுக்குக்கூட நிக்க வேண்டாம்." அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

தேவாரத்தில் ஆயம்மாள் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வந்துட்டியாண்ணே! மதினி, கூட்டியாந்துட்டீங்களே!" என்று முத்துப்பேச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சேலைக்குப் பின்னாலிருந்து காமாயி எட்டிப் பார்த்தாள். எண்ணெய் வழிந்த முகம், முட்டைக் கண்ணு.

"இது யாரு?" என்றாள்.

"உன் மாமன்டி."

"மொக்கச்சாமி மாமந்தானே மாமன்?"

சுடலை கையில் பிடித்திருந்த பாவாடையை மடித்து மறுபடி மடித்தான். கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை பார்த்தது. அது நடக்கத் தொடங்கியதும் பேசத் தொடங்கியதும் அவனுக்குச் செய்தியாகத்தான் வந்தது. பிள்ளைமேல் என்ன தப்பு?

மறுநாள் கோயிலில் முடியிறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் தடவி, புதுப் பாவாடை கட்டி, மணைமேல் உட்கார்ந்திருந்த சுடலையின் மடியில் காமாயியை வைத்தார்கள். ஏலக்காய்த் தட்டைத் தூக்குகிற கைகள் அவை. இரண்டு பக்கமும் அசையாமல் இறுக்கிப் பிடித்தான். பிள்ளை நெளிந்தது, வழுக்கி இறங்கியது, ஒரே ஓட்டமாக ஓடி மொக்கச்சாமியின் காலைக் கட்டிக்கொண்டது. கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். சின்னமுத்து மச்சானை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மொக்கச்சாமி நல்ல பிள்ளை. காமாயியைத் தூக்கிவந்து மறுபடி மடியில் விட்டான். முத்துப்பேச்சி குனிந்து, "பிடிக்காத மாமா. சும்மா வச்சிரு. அதுபாட்டுக்கு உக்காரட்டும்," என்றாள்.

சுடலை கையை எடுத்தான். என்ன பேசுவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னான். "ஏ தாயி, எனக்குப் பயமா இருக்கு."

காமாயி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குல்ல குத்தப் போறாக? உனக்கென்ன பயம்?"

"நீ மறுபடியும் எந்திரிச்சு ஓடிட்டா நான் என்ன பண்ண? இம்புட்டுப் பேரும் என்னையத்தானே பாக்குறாக. எனக்குப் பழக்கமே இல்லை தாயி."

பிள்ளை சுற்றிலும் பார்த்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கொஞ்சம் யோசித்தது. பிறகு அவன் கட்டைவிரலை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. "சரி, நான் ஓடலை. நீயும் ஓடாத," என்றது.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். "மாமா!" என்று கோயில் அதிர ஒரு வீரிடல். திரும்பிச் சுடலையின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடுத்த காதையும் அப்படியே வைத்துக் குத்தினார்கள். வெல்லத்தை வாயில் ஊட்டினார்கள். கண்ணீரும் வெல்லமும் சந்தனமும் சேர்ந்து சுடலையின் புதுச் சட்டையில் அப்பியது. முத்துப்பேச்சி வாயை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள், மறைக்கவும் இல்லை.

கிடாக் கறிச் சாப்பாடு முடிந்தது. புருசன் நேற்றுச் சொல்லிவைத்தது நினைவுக்கு வர, துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு முத்துப்பேச்சி வெளியே வந்தாள். வேப்ப மரத்தடியில் சுடலை உட்கார்ந்திருந்தான். காமாயி அவன் தோளில் சாய்ந்து, வீங்கின காது படாமல் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, கிடா பெரிசா யானை பெரிசா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மச்சான், மத்தியானப் பஸ்சு வர்ற நேரமாச்சு," என்றான் சின்னமுத்து.

"வரட்டும்," என்றான் சுடலை.

"நீங்க காது குத்துன கையோட போகணும்னீகளாமே?"

சுடலை அவனை ஏதோ தெரியாதவனைப் பார்க்கிறமாதிரி பார்த்தான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒச்சப்பன் முறை மாப்ளே. அவன் முறையில நான் போயி என்னத்த நொட்ட?" என்றான். "தாயி, யானைதான் பெரிசு. எம்புட்டுப் பெரிசுன்னா…"

பஸ்சு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. முத்துப்பேச்சி திரும்ப உள்ளே போய் மூட்டையை அவிழ்த்தாள்.